விழுந்து கிடந்த ஏழு கற்கள்

எங்கள் ஊரில் கல் கிடையாது. மாங்காய் அடிக்க வேண்டுமானால் மண்ணாங்கட்டியைத்தான் எடுக்க வேண்டும். அதுவும் பாதி வழியில் உடைந்து எறிந்தவன் தலையிலேயே கொட்டும். சீர்காழிக்குக் கிழக்கே கல்லைப் பார்க்க வேண்டுமென்றால் கோயிலுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் ரயில் தண்டவாளத்துக்குப் போக வேண்டும். மூன்றாவதாக ஒன்று உண்டு: வயல் மூலையில் நிற்கும் எல்லைக்கல். அதற்காக எங்கள் பக்கத்தில் மண்டைகள் உடைந்திருக்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் பிறந்தவனுக்கு மலைமேல் ஆசை வந்தது தலையெழுத்துதான்.

ஆசை வந்த இடம் மாயவரத்தில் ஒரு சர்க்கார் அலுவலகம். என் அப்பா வேலு, ஐந்து மா நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்து வந்தார். புதிதாக வந்த ஆட்சி, குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிய வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. மிராசுதாரோ, "வேலுவா? அவன் என் பண்ணையாள்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். வாய்தா மேல் வாய்தா. நான் அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தேன். காகிதம் படித்துச் சொல்வதற்காக அப்பாவோடு போவேன். அதிகாரியின் தலைக்குப் பின்னால் ஓர் உரக் கம்பெனி காலண்டர் தொங்கும். சிவப்பாக, கூராக, உச்சியில் சற்றே சாய்ந்த சிலுவையோடு ஒரு மலை. கீழே பொடி எழுத்தில் ரோட்டே ஸ்பிட்ஸே, டிரோல் என்று போட்டிருக்கும். பெஞ்சில் காத்திருந்து காத்திருந்து அந்த மலையின் ஒவ்வொரு மடிப்பும் எனக்கு மனப்பாடம்.

ஒருநாள் அப்பாவும் அதைப் பார்த்தார். "அந்த மலை யாரு பேர்ல இருக்கு?" என்று கேட்டார்.

"யாரு பேர்லயும் இருக்காதுப்பா."

"அப்ப வாய்தா இல்லாம ஏறிப் பாத்துட்டு வரலாம்ங்கிற." இரண்டு பேரும் சிரித்தோம். பியூன் வந்து அதட்டினான்.

கடைசியில் அப்பா பெயர் பதிவானது. சர்வேயர் வந்து நான்கு மூலையிலும் கல் நட்டார். எட்டாம் நாள் விடிந்து பார்த்தால் நான்கு கல்லும் பிடுங்கி வாய்க்காலில் போடப்பட்டிருந்தன. வயலில் ஏர் ஓட்டிக் குழிகளையும் கலக்கியிருந்தார்கள். நான் முங்கி முங்கிக் கல்லை எடுத்துக் கொடுக்க, அப்பா கடப்பாரையால் குழி தோண்டி உச்சிப் பொழுதுக்குள் நான்கையும் திரும்ப நட்டார். பக்கத்து வயல் அஞ்சலை அத்தையுடையது. அத்தை உறவல்ல, தெருவுக்கே அத்தை. கணவர் போன பிறகு தனியாளாகச் சாகுபடி செய்கிறவர், எங்களைப் போலவே பதிவு வாங்கியவர். அவர் வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சட்டம்: விழுந்த கல்லைப் பார்த்தால் நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் மறுவேலை. யார் கல், எவர் கல் என்று கேட்கக் கூடாது.

பதினோரு வருடம் கழித்து, தண்ணீர் பம்புகளைக் கட்டி மேய்க்கும் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்த என்னை ஆறு வாரப் பயிற்சிக்கு ஆஸ்திரியா அனுப்பினார்கள். போக வேண்டியவர் என் மேலதிகாரி. குளிர் ஆகாது என்று அவர் மனைவி தடுத்துவிட்டார். எந்த ஊர் என்று காகிதத்தைப் பிரித்தேன். டிரோல். இன்னொரு முறை படித்தேன்.

கிளம்பும்போது அப்பா ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த உச்சியில நின்னா என்ன தெரியுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுடா."

போன முதல் வாரமே பட்டறை ஜன்னல் வழியாக என் மலை தெரிந்தது, கால் மணி நேரம். பிறகு மேகம் மூடிக்கொண்டது. சனி ஞாயிறுதான் விடுமுறை. ஐந்து சனிக்கிழமையும் மழை. நம் ஊரில் மழை வந்தால் சந்தோஷப்படுவோம். அங்கே நான் அதைத் திட்டாத திட்டு இல்லை. தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் ஹில்டா, அறுபது வயது, நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடப்பதைப் பார்த்து, "தரைவிரிப்பு தேய்கிறது" என்றார். மனதைத் தேற்ற ஒருநாள் எனக்காக அரிசி சமைத்தார். ஆசையாக உட்கார்ந்தேன். பாலில் குழைய வேகவைத்து, மேலே சர்க்கரையும் லவங்கப்பட்டைப் பொடியும் தூவி, இதுதான் இரவுச் சாப்பாடு என்றார். ஊறுகாய் இல்லாமல் அழாத குறை. இன்னொரு நாள் கொழுக்கட்டை போல ஒன்றைக் கறிச்சாற்றில் மிதக்கவிட்டுக் கொடுத்தார். உள்ளே பூரணம் இருக்கும் என்று பிட்டுப் பிட்டுத் தேடினேன். கடைசிவரை ரொட்டிதான் வந்தது.

ஆறாவது சனிக்கிழமை வானம் கழுவிவிட்டது போல இருந்தது. செவ்வாய்க்கிழமை எனக்கு விமானம். இதை விட்டால் இந்த ஜென்மத்தில் இல்லை. ஹில்டா, காலஞ்சென்ற கணவரின் மலையேறும் பூட்ஸை எடுத்துக் கொடுத்தார். ஒரு விரல் பெரிது. செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே அடைத்துக்கொண்டு ஓடினேன்.

ஓடிப் போய் நின்றது சாலையின் தப்பான பக்கத்தில். அங்கே வண்டிகள் வலப்பக்கம் போகும் என்பது ஆறு வாரமாகத் தெரிந்த விஷயம்தான். அவசரத்தில் கால் மாயவரம் வழக்கப்படி நின்றுவிட்டது. பேருந்து வந்தது, ஏறினேன், மலை எனக்குப் பின்னால் போகத் தொடங்கியது. பக்கத்தில் இருந்த கிழவர் நான் காதை மூடிச் சுற்றியிருந்த மப்ளரைப் பார்த்து, "காது வலியா?" என்று கேட்டார். "இல்லை, பேருந்துதான் வலி" என்றேன். அடுத்த ஊரில் இறங்கி, பால் பாத்திரங்கள் ஏற்றிவந்த வண்டியில் நின்றுகொண்டே திரும்பி வந்தேன். இரண்டு மணி நேரம் போயிற்று.

மலையடியில் எனக்காகக் காத்திருந்த வழிகாட்டி செப் அதற்குள் புல் அறுத்து முடித்திருந்தார். என் வயதுதான் இருக்கும். மாடு வைத்திருக்கும் குடியானவர். கோடையில் ஆட்களை மலைக்கு அழைத்துப் போவார். அவருடைய ஆங்கிலத்தையும் என் ஆங்கிலத்தையும் சேர்த்தால் அரை ஆங்கிலம் தேறும். எத்தனை மாடு என்று நான் கேட்டேன், எவ்வளவு நிலம் என்று அவர் கேட்டார். அதற்குப் பிறகு நாங்கள் பழகியவர்களாகிவிட்டோம்.

மாலையில் பாதி மலையில் இருக்கும் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கே இன்னும் இரண்டு பேர். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஒரு பள்ளிக்கூட ஆசிரியரும் அவர் மனைவி இங்கிரிட்டும். ஐம்பதைத் தாண்டியவர்கள். வழிகாட்டி வைத்துக்கொள்ளவில்லை, ஆசிரியரிடம் பழைய வழிப்புத்தகம் ஒன்று இருந்தது. இங்கிரிட் ஓர் ஆப்பிளை நறுக்கி எனக்குப் பாதி கொடுத்தார். "உங்கள் ஊரில் உயரமான இடம் எது?" என்று கேட்டார்.

"ஆற்றங்கரை" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் ஆசிரியர் புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்தார். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மறுநாள் முழுக்க அந்தச் சிரிப்புதான் என் காதில் இருந்தது.

விடிந்ததும் கிளம்பினோம். புல் முடிந்து பாறை தொடங்கியது. காலண்டரில் பார்த்த மலை இதுதானா என்று சந்தேகம் வந்தது. தூரத்தில் இருந்து பார்க்க ஒரே பிண்டமாகத் தெரிந்தது, கிட்டே வந்தால் உதிர்ந்த செங்கல் சூளை. கால் வைத்த இடமெல்லாம் சரசரவென்று சரிந்தது. நான் சேற்றை நம்பாதவன், கல்லை நம்புகிறவன். வரப்பில் நடக்கும்போது ஒவ்வொரு அடியும் யோசிப்பேன். கல் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன். நம் ஊரில் கல் என்றால் அசையாதது. முதல் பத்து நிமிடத்தில் நான் பிடித்த கல் என் கையோடு வந்துவிட்டது. செப்போடு என்னைப் பிணைத்திருந்த கயிறு மட்டும் இல்லையென்றால் இதை எழுத ஆள் இல்லை.

செப் ஒரு பாடம் சொன்னார். பிடிப்பதற்கு முன் விரல் முட்டியால் தட்டு. கணீரென்றால் பிடி, பொத்தென்றால் விடு. எனக்குச் சிரிப்பு வந்தது. சந்தையில் பானை வாங்குகிற வித்தை! அதற்கப்புறம் தட்டித் தட்டி ஏறினேன். பிறகு கூரான முகடு ஒன்று வந்தது. இரண்டு அடி அகலம், இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. கீழே குடில் ஒரு தீப்பெட்டியாகத் தெரிந்தது. கண் பயந்தது உண்மை. ஆனால் கால் பயப்படவில்லை. இரண்டு அடி என்பது எங்கள் ஊர்க் கணக்கில் நல்ல வரப்பு. தலையில் நாற்றுக்கட்டோடு அதில் பாதியில் நடந்திருக்கிறேன். செப் திரும்பிப் பார்த்து, "முன்னமே ஏறியிருக்கிறாயா?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முகடு முடிந்த இடத்தில் ஒரு மேடை போல அகலம். அங்கே வழி இரண்டாகப் பிரிந்தது. இடப்பக்கம் பாறையின் இடுப்பில் ஓடும் ஒரு குறுகிய விளிம்பு. வலப்பக்கம் செங்குத்தான பிளவு. செப் என்னைப் பாறை மறைவில் கட்டி நிறுத்தினார். "பிளவில் மழைக்கு உதிர்ந்த கல் நிற்கும். நான் போய்த் தள்ளிவிட்டுக் கூப்பிடுகிறேன். நகராதே" என்றார்.

எனக்குச் சும்மா நிற்பதென்றால் ஆகாது. ஐந்து நிமிடம் பொறுத்தேன். இடப்பக்க விளிம்பு தொடங்கும் இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில், கற்கள் சிதறிக் கிடந்தன. யாரோ அடுக்கி வைத்தது சரிந்திருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிந்தது. ஒன்றின்மேல் சிவப்புச் சாயம்கூடப் பூசியிருந்தது. எண்ணினேன், ஏழு. குனிந்து அடுக்கினேன். பெரியது அடியில், சப்பையானது அதற்கு மேல், சிவப்புச் சாயம் உச்சியில். தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. திருப்தியாக இருந்தது. செப் கூப்பிட்டார், போனேன். அடுக்கியதை அவரிடம் சொல்லவில்லை. காலையில் பல் விளக்கினேன் என்று யாரிடமாவது சொல்வோமா?

பிளவில் ஒரு மணி நேரம். மேலே வந்து மூச்சு வாங்கி நிமிர்ந்தேன். சிலுவை தெரிந்தது. காலண்டரில் இருந்த அதே சிலுவை, அதே சாய்வு. "அரை மணி" என்றார் செப். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மாயவரத்து பெஞ்சு, பியூன், அப்பாவின் சிரிப்பு எல்லாம் ஒன்றாக வந்து நின்றன.

அப்போதுதான் கீழே கல் உருளும் சத்தம் கேட்டது. ஒரு கல் அல்ல, வண்டி மணலைக் கொட்டியது போல. அதற்குப் பின் ஒரு பெண்ணின் அலறல்.

செப் பாறை ஓரத்தில் படுத்து எட்டிப் பார்த்தார். "அந்த இரண்டு பேர். பழைய வழியில் போயிருக்கிறார்கள்" என்றார். "வசந்தத்தில் அந்த வழி இடிந்து விழுந்துவிட்டது. யாரும் போகக் கூடாது என்று வழி காட்டும் அடையாளக் கல்லடுக்கை நானே உதைத்துத் தள்ளினேனே. எப்படிப் போனார்கள்?"

"நான்தான் அடுக்கினேன்" என்றேன்.

"எதற்கு?"

"விழுந்து கிடந்தது."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். திட்டவில்லை; திட்ட நேரமில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "நான் இறங்க வேண்டும். நீ இங்கே பத்திரமாக உட்காரலாம். அல்லது என்னோடு வந்து கயிறு பிடிக்கலாம். இரண்டு பேர் இருந்தால் சீக்கிரம் முடியும்" என்றார்.

ஒன்றை மறைக்க மாட்டேன். சிலுவையைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இறங்கட்டும், அரை மணிதானே, நாம் போய்த் தொட்டுவிட்டு வந்துவிடலாம் என்ற நினைப்பு வந்தது. முழுசாக வந்தது. கூடவே அந்த ஆப்பிளும் வந்தது. "வருகிறேன்" என்றேன்.

மேடைக்கு இறங்கினோம். நான் அடுக்கிய கல் அலுங்காமல் நின்றது. விளிம்பில் நாற்பது அடி தள்ளி இரண்டு பேரும் பாறையோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னும் பின்னும் விளிம்பு உடைந்து போயிருந்தது. ஆசிரியரின் வலது கை மணிக்கட்டில் கோணலாகத் தொங்கியது. இங்கிரிட் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

கயிற்றைச் சுற்ற ஒரு பாறை முனை வேண்டும் என்றார் செப். ஐந்தாறைத் தட்டினேன். பொத், பொத், பொத். ஏழாவது கணீரென்றது. அதில் கயிற்றைச் சுற்றி இடுப்பில் கட்டி, காலை ஊன்றி உட்கார்ந்தேன். மிரண்ட காளையின் கயிற்றைப் பிடிப்பது போலப் பிடித்தேன்; விட்டாலும் தப்பு, சுண்டி இழுத்தாலும் தப்பு. செப் போனார். முதலில் இங்கிரிட் வந்தார், அடி அடியாக. பாதியில் அவர் காலடியில் ஒரு கல் கழன்று போயிற்று. அது கீழே விழுந்த சத்தம் கேட்க வெகுநேரமானது. பிறகு ஆசிரியர், ஒற்றைக் கையோடு. ஒன்றரை மணி நேரம் ஆனது. என் உள்ளங்கை இரண்டும் உரிந்து போயிருந்தன.

உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் ஆசிரியர் பேசினார். "புத்தகத்தில் இந்த வழிதான் போட்டிருந்தது. இருந்தாலும் சந்தேகமாக இருந்தது. கல்லை அவ்வளவு அழகாக அடுக்கியிருந்தார்கள், அதை நம்பித்தான் போனோம்."

செப் குனிந்து கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். சொல்லாமல் விட்டிருக்கலாம், அவர்களுக்குத் தெரிந்திருக்காது. என்னால் முடியவில்லை, சொல்லிவிட்டேன். ஆசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இங்கிரிட் என்னையே பார்த்தார். கோபமா, களைப்பா, தெரியவில்லை. பிறகு என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து ஒரு துணியை எடுத்துக் கொடுத்தார். அவர் சிரிக்கவில்லை.

அதற்குள் மேகம் ஏறிவிட்டது. சிலுவை போன இடம் தெரியவில்லை. "இன்று இல்லை" என்றார் செப். எனக்கு 'இன்று' என்பதே கடைசி என்று அவருக்கும் தெரியும்.

கிளம்புமுன் கல் அடுக்கைக் காட்டி, "அடுக்கியவன்தான் தள்ள வேண்டும்" என்றார். காலைத் தூக்கினேன். நிமிர்ந்து நிற்கிற கல்லை உதைப்பது எங்கள் வீட்டில் யாரும் செய்யாதது. மிராசுதாரின் ஆட்கள் செய்வது. கால் போகவே இல்லை. கடைசியில் உதைத்தேன். ஆறு கற்கள் பள்ளத்தில் போயின. சிவப்புச் சாயக் கல் மட்டும் என் காலடியில் நின்றது. செப் அதை எடுத்து என் பையில் போட்டார். "இங்கே கிடந்தால் இன்னொருவன் அடுக்குவான்" என்றார்.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது குறுவை அறுத்து வயல் காலியாகக் கிடந்தது. அப்பா வாசலிலேயே கேட்டார். "ஏறுனியா?"

"இல்லப்பா. அரை மணி நேரம் பாக்கி."

நடந்ததை முழுக்கச் சொன்னேன். கல்லை எடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உச்சியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அந்த ரெண்டு பேரும் வீடு போய்ச் சேந்தாங்களா?"

"சேந்துட்டாங்க. கைதான் ஒடிஞ்சுபோச்சு."

"அடுக்குனவன்தான் தள்ளணும்னானா அந்த ஆளு?"

"ஆமாம்ப்பா."

அப்பா கல்லை மடியில் செருகிக்கொண்டார். பிறகு எழுந்து மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தார். "வா" என்றார்.

வயலுக்கு நடந்தோம். வடகிழக்கு மூலைக் கல்லுக்கு வந்ததும் நின்றார். இந்தப் பக்கம் எங்கள் வயல், அந்தப் பக்கம் அஞ்சலை அத்தை வயல். "அன்னைக்கு மூணு குழி அகப்பட்டுச்சுடா. இந்தக் குழி அகப்படல. கண்ணால மட்டம் பாத்து நட்டேன். ஒரு அடி அந்தப் பக்கம் போயிருச்சு. தானா போச்சா, நானா போகவிட்டேனான்னு எனக்கே தெரியல. வருஷா வருஷம் ரெண்டு வரிசை நடவு, அவளோடத நாம அறுத்துருக்கோம்."

நான் முங்கி எடுத்துக் கொடுத்த கல். கடப்பாரையை வாங்கி நெம்பினேன். உரிந்த கை எரிந்தது. கல் அசைய மாட்டேன் என்றது. அவ்வளவு ஆழமாக நட்டிருந்தார். பிடுங்கி, எங்கள் பக்கம் ஓர் அடி உள்ளே தள்ளிக் குழி பறித்தோம்.

அஞ்சலை அத்தை ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டு வந்தவர், வரப்பில் கூடையை இறக்கினார். "என்னண்ணே, கல்லப் புடுங்குறீங்க?"

அப்பா நிமிரவில்லை. "தப்பா நட்டுட்டேன் தங்கச்சி. பதினோரு வருஷமாச்சு."

"தெரியும்ண்ணே. அன்னைக்கு இங்கதானே நின்னேன்."

"அப்ப ஏன் கேக்கல?"

"அவனுவ கல்லப் புடுங்கிப் போட்ட நேரத்துல நானும் ஒங்ககிட்ட வம்புக்கு வந்தா, ரெண்டு பேரு நெலமும் போயிருக்கும். சரி, நீங்களா வருவீங்கன்னு இருந்தேன். ரொம்பத்தான் நாளாக்கிட்டீங்க."

அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அத்தை வரப்பிலிருந்து இறங்கி வந்து எங்கள் குழியைப் பார்த்தார். தலையை ஆட்டினார். இன்னும் எங்கள் பக்கம் தள்ளி, குதிகாலால் மண்ணில் அழுத்தி ஒரு பள்ளம் போட்டார்.

"இன்னும் ஒரு சாண் இருக்குண்ணே."

அப்பா கடப்பாரையை என்னிடம் நீட்டினார். நான் தோண்டிய குழியை மூடிவிட்டு, அத்தை குதிகால் வைத்த இடத்தில் புதிதாகப் பறித்தேன். கல்லை இறக்கினோம். அப்பா மடியிலிருந்து டிரோல் கல்லை எடுத்துக் குழிக்குள் அடைகல்லாகச் செருகி மண்ணைத் தள்ளி மிதித்தார். அத்தை குனிந்து கல்லைக் கையால் ஆட்டிப் பார்த்தார். அது ஆடவில்லை.

"இப்ப சரி" என்றார். புல்லுக்கூடையைத் தூக்கிவிடச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.